வெளிச்சாப்பாடு

சமுத்திரம் குழம்பு ஊற்றிப் பிசைந்த முதல் உருண்டையைக் கொண்டுபோய்க் கொல்லைச் சுவரில் வைத்தான். காக்கை அதைக் கொத்தித் தின்று, பக்கத்து வீட்டுக் கூரைக்குப் பறந்து, அலகைத் தீட்டும்வரை அங்கேயே நின்று பார்த்தான். அன்று அமாவாசை இல்லை. வீட்டில் யாருக்கும் விரதமும் இல்லை. திரும்பியபோது அடுக்களை வாசலில் மனைவி பரிபூரணம் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. அவன் உள்ளே வந்து உட்காருவதற்குள் தட்டு கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது.

ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் அவனுக்கு வேலை. இருபத்தாறு வயதில் சர்க்கரை என்று சொன்னார்கள். ஒல்லிக்குச்சியாக இருக்கிறவனுக்கு அது எப்படி வரும் என்று தெருவே கேட்டது. கல்யாணமாகி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பரிபூரணம் ஆஸ்பத்திரி நர்சிடம் ஊசி போடக் கற்றுக்கொண்டாள். தினமும் காலையில் கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிக்க வைத்து, அவன் தொடையில் வலிக்காமல் குத்தி எடுப்பாள். அப்படி மூன்று வருடம் போனது. பிறகு வயிற்று வலி வந்தது. சாப்பிட்ட செத்த நேரத்தில் நெஞ்சுக்குழிக்குக் கீழே தொடங்கி, துளைபோட்டு முதுகுக்குப் போகும். முழங்காலைக் கட்டிக்கொண்டு குனிந்தால்தான் கொஞ்சம் அடங்கும். மில் டாக்டர் கேஸ் டிரபிள் என்றார். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டாக்டர் அல்சர் என்றார். மூன்றாமவர் பூச்சி மாத்திரை கொடுத்தார். சூப்பர்வைசர் வைகுண்டராஜ், "நைட் ஷிப்ட் போட்டா மட்டும் வலிக்குதோலே ஒனக்கு?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார்.

சோழபுரத்திலிருந்து வந்த அக்கா அழகுத்தாய்தான் அதைச் சொன்னாள். "மூணு டாக்டர் பாத்தும் தெரியலன்னா அது நோவு இல்லலே. இடுமருந்து. ஒம் பொண்டாட்டி சோத்துல வச்சிருக்கா. ஒன்னய எங்கயும் அசையவிடாம முடக்கிப்போடத்தான்."

"போக்கா, கிறுக்கச்சி மாதிரி பேசாத" என்றுதான் அவன் சொன்னான். ஆனால் அன்று மத்தியானம் ரசத்தை வாயில் வைக்குமுன் மோந்து பார்த்தான். அவனோடு உட்கார்ந்து அவள் ஏன் சாப்பிடுவதில்லை? அவனுக்கு மட்டும் ஏன் தனியாகக் குழம்பு? சர்க்கரைக்காக என்று இத்தனை நாள் நினைத்திருந்தான். ஊசியை நீட்டிய கையைப் பார்க்கவே பயமாக இருந்தது. "நானே போட்டுக்கிடுதேன்" என்று வாங்கி, தாறுமாறாகக் குத்தி, தொடையெல்லாம் கன்றிப்போனது. காலையும் மத்தியானமும் மில் வாசல் ஹோட்டலில் சாப்பிட ஆரம்பித்தான். அங்கே சாப்பிட்டாலும் வலித்தது. பழைய மருந்து இன்னும் உள்ளே கிடக்கிறது என்று எண்ணிக்கொண்டான்.

மில் லீவு என்று மத்தியானம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்து, காக்கைக்குச் சோறு வைத்த அன்று சாயங்காலம் பரிபூரணம் அவன் முன்னால் வந்து நின்றாள். அழுதிருந்த முகமில்லை.

"தளவாய்புரத்துல மருந்து எடுக்கிறவன் இருக்கானாமே. வாங்க, போவோம். நானும் வாரேன். ஒங்க அக்காவும் வரட்டும். எடுத்துப் பாருங்க. பொறவும் வலிச்சா நான் சொல்ற எடத்துக்கு நீங்க வரணும்."

மருந்து எடுக்கிறவன் அவன் வயிற்றில் குழலை வைத்து உறிஞ்சினான். கறுப்பாக, முடி சுற்றிய உருண்டையொன்றைத் துப்பினான். அழகுத்தாய் மார்பில் அடித்துக்கொண்டாள். பரிபூரணம் உருண்டையைப் பார்க்கவில்லை. உறிஞ்சியவனின் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் மில்லில், ஓடுகிற மெஷின் ஓரம் சமுத்திரம் சுருண்டு விழுந்தான்.

பரிபூரணம் கூட்டிப்போன ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் வயிற்றைத் தொடுவதற்கு முன்னால் நிறையக் கேட்டார். வெளிக்குப் போனால் எண்ணெய் மாதிரி மிதக்கிறதா என்று கேட்டார். அதுவரை அவன் யாரிடமும் சொல்லாதது அது. வெட்கத்தோடு தலையாட்டினான். எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். வந்த படத்தை விளக்குப் பெட்டியில் செருகி, முதுகெலும்புக்குக் குறுக்கே உப்பைத் தூவியது போலக் கிடந்த வெள்ளைப் புள்ளிகளைப் பேனாவால் தொட்டுக் காட்டினார்.

"கணையத்துல கல்லு. வலிக்கும் இதுதான் காரணம். ஒனக்குச் சர்க்கரை வந்ததுக்கும் இதுதான். ரெண்டும் ஒரே நோய்ப்பா. இது இன்னைக்கு நேத்து வந்தது இல்ல, பல வருசமா உள்ள இருந்திருக்கு."

பல வருடம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே. சமுத்திரத்துக்குப் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"எத்தன வருசமாக் குடிக்க?" என்றார் டாக்டர்.

"குடிக்கிறதே இல்ல சார்."

"குடிக்காதவங்களுக்கும் வரும். நம்ம பக்கம் நெறையவே பாக்கேன். ஆனா மறைச்சா வைத்தியம் பலிக்காது." அவர் பரிபூரணத்தின் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. குடிக்கிறாரா?"

அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாயில் ஒரு நாளும் சாராய வாடை அடித்ததில்லை என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? அவன் காத்திருந்தான்.

"அவிய ரெண்டு மாசமா வெளியதான் சாப்பிடுதாவ சார்" என்றாள். "வெளிய என்ன சாப்பிடுதாவ, என்ன குடிக்காவன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

டாக்டர் எதையோ எழுதிக்கொண்டார்.

ராஜபாளையம் பஸ்ஸில் கூட்டம் இருந்தது. பரிபூரணம் முன்னால் ஏறி, பெண்கள் பக்கம் இருவர் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எக்ஸ்ரே கவரைப் பக்கத்தில் வைத்தாள். அவன் பின்னால் கம்பியைப் பிடித்து நின்றான். அவள் பின்கழுத்து மட்டும் தெரிந்தது. அந்தக் கவர் தனக்காக வைத்த இடமா, தான் வரக்கூடாது என்று வைத்ததா? நாலு எட்டு வைத்தால் தெரிந்துவிடும். அவன் கம்பியை விடவில்லை.

ஊரைத் தாண்டி, சாலை பிரியும் ஒரு விலக்கில் பஸ் நின்றது. கையில் கீரைக்கட்டோடு ஏறிய பெண் ஒருத்தி அந்தச் சீட்டருகே போய்க் குனிந்தாள்.

"யம்மா, இங்க ஆள் வருதா?"

பரிபூரணம் கவரின் மேல் கையை வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பஸ் கிளம்பிய குலுக்கலில் அந்தப் பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு, சீட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து நின்றாள்.