கண்ணில் பட்டால்

காலி பால் புட்டிகளைக் கழுவிக் கொடுக்கும் கம்பெனி எங்களுடையது. சூடான காஸ்டிக் சோடா தொட்டியில் முக்கி எடுத்து நல்ல தண்ணீரில் அலசுவார்கள். அலசிய புட்டியில் காரம் மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஒரு சொட்டு பினாப்தலீன் விட்டால் போதும். ரோஜா நிறம் வந்தால் அந்த வரிசை மொத்தமும் திரும்ப அலசலுக்குப் போகும். பிறகு நிறம் மாறும் காகிதத்தை நனைத்துப் பார்ப்பேன்; காரமும் அமிலமும் இல்லாத நடு அளவான பி.எச். ஏழுக்குப் பக்கத்தில் வராமல் நான் விடமாட்டேன். அதனால் எனக்கு ‘ஏழு’ என்று பட்டப்பெயர். முதுகுக்குப் பின்னால் ‘ஏழரை’ என்பார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

அக்காவுக்குத் தொட்டிப் பக்கம் வேலை. எட்டாவதோடு தன் படிப்பை நிறுத்திவிட்டு என்னைப் படிக்க வைத்தவள். தங்கச்சி தண்ணீரின் ஜாதகமே சொல்லுவாள் என்று கண்டவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வாள்.

அன்று காலை தொட்டிக்குள் ஒரு புட்டி உடைந்தது. ஆவி படிந்ததால் பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, துண்டுகளை எடுக்க அக்கா குனிந்தாள். தெறித்த காரத் தண்ணீர் வலது கண்ணில் பட்டது.

நான் பத்தடியில் நின்றிருந்தேன். கண்ணைப் பொத்திக்கொண்டு அவள் குழாய்ப் பக்கம் தடவித் தடவி நகர்ந்தாள்.

“நில்லுக்கா. தண்ணி வேணாம், நான் மருந்து எடுத்துட்டு வரேன்.”

காரத்துக்கு அமிலம். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த கணக்கு. ஆய்வகத்துக்கு ஓடினேன். அசிட்டிக் அமிலத்தை அப்படியே கண்ணில் ஊற்ற முடியுமா? அளந்து, நீர்க்க வைத்து, பி.எச். காகிதத்தை முக்கி நிறம் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் தண்ணீர் சேர்த்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். திரும்பி வர நான்கு நிமிடம் ஆனது. நான் விட்ட இடத்திலேயே, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

குழாய்க்கு மேல் ஓர் அறிவிப்பு உண்டு: ‘கண்ணில் பட்டால் உடனே தண்ணீர். வேறு எதுவும் வேண்டாம்.’ அதை எழுதி ஒட்டியதே நான்தான். அப்போதுதான் அது என் கண்ணில் பட்டது. கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தைக் குழாய்க்குக் கீழே இழுத்துத் திறந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் இமையை விலக்கி ஒரு காகிதத் துண்டை உள்ளே தொட்டு எடுத்தார். நான் நாள் முழுக்கப் பார்க்கும் அதே காகிதம். கருநீலம்; காரம் அப்படியே இருந்தது. அரை மணி நேரம் நீர் பாய்ச்சிவிட்டு மறுபடி தொட்டார். நீலம். நான்காவது தடவைதான் பச்சைக்கு வந்தது. ஏழு. அந்த எண்ணைப் பார்த்து அழுதது அன்றைக்குத்தான்.

கண்ணில் பட்ட பிறகு தண்ணீர் ஊற்ற எவ்வளவு நேரம் ஆயிற்று என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

“உடனே டாக்டர். என் தங்கச்சிதான் ஊத்தினா.”

வலியில் நேரம் தெரியவில்லை போலும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். டாக்டரிடம் உண்மையைச் சொல்லக்கூட எனக்குத் துணிவில்லை.

ஆறு வாரத்தில் கருவிழி பால்போல் வெளுத்துவிட்டது. இனி அந்தக் கண்ணில் பார்வை வராது என்று சொல்லிவிட்டார்கள். தங்கச்சி இல்லையென்றால் இரண்டு கண்ணும் போயிருக்கும் என்று வருகிறவர்களிடம் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் எனக்கு எங்காவது போய்ச் சாகலாம் போலிருந்தது.

நேற்று மதியம் டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் மேசையில் விழுந்தது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நான்கு நிமிடத்தையும் சொன்னேன். குழாய் பக்கத்திலேயே இருந்ததையும், கண் போனது என்னால்தான் என்பதையும் சொன்னேன்.

அக்கா மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“தெரியும்டி. ஒரு கை குழாய் மேலதான் இருந்துச்சு. நீ நில்லுன்னதும் எடுத்துட்டேன்.”

“அப்பவே திறந்திருக்கலாமே அக்கா.”

“நீ படிச்சவ, சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நின்னேன்.”

ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் டம்ளரை என் பக்கம் நகர்த்தி, நீயே ஊற்று என்றாள். ஊற்றினேன். பாதிக்கு மேல் வெளியேதான் போனது.