எந்த மென்பொருள் என்று முடிவாகும்வரை

அவள் காதுக்குள் ஒரு சத்தம் குடியிருந்தது. இதோ விசிலடிக்கப் போகிறேன் என்று மிரட்டும் குக்கர் மாதிரி. விசில் மட்டும் வரவே வராது. பல் செட் செய்யும் லேபில் அரவை மெஷின் முன் வருடக்கணக்கில் உட்கார்ந்ததற்குக் கிடைத்த சன்மானம். காது டாக்டர் உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "பழகிக்கங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எத்தனை வருடம் கண்விழித்துப் படித்தாரோ, பாவம்.

பழகிக்கொள்ளத் தெரியாத மற்றவர்களையும் தேடிப் பிடித்து, போனில் ஒரு குழு ஆரம்பித்தாள். குழு மளமளவென்று நிரம்பியது, காலை வணக்கப் பூக்களால். புதிதாக வந்த ஒருவர், "இந்த இரைச்சல் நிக்குமா?" என்று கேட்பார். பட்டு அனுபவித்த ஒருவர் பொறுமையாகப் பதில் எழுதுவார். அந்தப் பதிலின் தலையில் ஒரு ரோஜா வந்து விழும், ரோஜாவின் தலையில் ஒரு சூரியோதயம். மறுநாள் அதே கேள்வியோடு வேறொருவர் வந்தால், பழைய பதிலை மண்ணைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும்.

ஆகவே, கேள்வி ஓர் இடத்தில் நிலையாக நிற்க, பதில்கள் அதற்குக் கீழே சேர்ந்துகொண்டே போகும் இணைய மன்றம் ஒன்று வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதோடு நிறுத்தியிருக்கலாம். கொழுந்தனிடம் சொன்னாள்.

கொழுந்தன் ஒரு கம்பெனியில் ஆர்க்கிடெக்ட். வீடு கட்டுகிற ஆர்க்கிடெக்ட் இல்லை. என்ன கட்டுகிறான் என்பது அவனைப் பெற்றவர்களுக்கே விளங்கவில்லை. வீட்டில் அவனுக்குப் பெயரே ஆர்க்கிடெக்ட் என்றாகிவிட்டது.

"அவசரப்பட்டுப் பண்ற விஷயமா அண்ணி இது? முதல்ல எந்த சாஃப்ட்வேர்னு முடிவு பண்ணணும்."

"எனக்கு ஒரே ஒரு பக்கம் போதும்ப்பா. கேள்வி மேல, பதில் கீழ."

"நாளைக்கே லட்சம் பேர் வந்தா தாங்கணும்ல?"

"லட்சம் பேருக்குக் காது இரையணும்னு வேண்டிக்கிறியா?"

அவன் சிரிக்கவில்லை. லட்சம் பேரை மனதில் வரவேற்றுக்கொண்டிருந்தான்.

கமிட்டி ஒன்று அமைந்தது. அவள், ஆர்க்கிடெக்ட், அப்புறம் குழுவில் மூத்தவரான வக்கீல். வக்கீலுக்குக் காதில் சில்வண்டு. ஊரே கூடுவதற்கு முன்னால் சட்டம் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ஞாயிற்றுக்கிழமைகளில் லேபில் கூடினார்கள். அலமாரி நிறைய பிளாஸ்டர் தாடைகள் வரிசையாக இருந்தன. அந்த அறையில் பேசாமல் இருந்த வாய்கள் அவை மட்டும்தான்.

முதலில் பார்த்தது, இலவசமாகக் கிடைக்கும் பழைய மென்பொருள். ஆர்க்கிடெக்ட் அதை ஒரே மணி நேரத்தில் நிறுவி, 'சோதனைத் தளம்' என்று தலைப்பு வைத்தான். அழுது வடியும் சாம்பல் நிறம். கேள்வி மேலே, பதில் கீழே. அவளுக்குப் பிடித்துப்போயிற்று. போன்களில் திறக்கிறதா என்று பார்க்க, முகவரியைக் குழுவின் முகப்பிலும் போட்டுவைத்தாள்.

"இது ரொம்பப் பழசு அண்ணி. வெளியில சொன்னா சிரிப்பாங்க" என்று அவன் அதை ஓரங்கட்டினான்.

இரண்டாவது பார்க்க லட்சணமாக இருந்தது. நிறைய எழுதுகிறவர்களுக்குப் புள்ளிகள், பதக்கங்கள் எல்லாம் தரும். வக்கீல் கொதித்துப்போனார். "காது இரையறவனுக்கு மெடலா? யாருக்கு அதிகமா இரையுதோ அவனுக்குத் தங்கமா?"

மூன்றாவதில் செய்திகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஓடிக்கொண்டே இருந்தன. "இது நம்ம போன் குழுவேதானே?" என்று கேட்டாள். "இல்ல அண்ணி, இதுல இடது பக்கம் ஒரு மெனு இருக்கு" என்றான் ஆர்க்கிடெக்ட். பெரிய வித்தியாசம்தான்.

நாலாவது, ஐந்தாவது என்று சேரச் சேர, ஒப்பிட்டுப் பார்க்க அவன் போட்ட அட்டவணை, வாராவாரம் அகலமாகிக்கொண்டே போய், அவள் கம்ப்யூட்டர் திரையைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. வக்கீல் விதிமுறைகளில் 'இரைச்சல்' என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதத் தொடங்கி, 'விசில்' வரை வந்து மாட்டிக்கொண்டிருந்தார். மழைக்காலம் வந்தது, போனது. கமிட்டி அசையவில்லை.

ஒரு மத்தியானம் அச்சில் ஊற்றிய பிளாஸ்டர் இறுகக் காத்திருந்தபோது, அவள் போனுக்கு ஒரு தகவல் வந்தது. சோதனைத் தளத்தில் யாரோ எழுதியிருக்கிறார்கள். அப்படி ஒன்று இன்னும் உயிரோடு இருப்பதே அவளுக்கு மறந்திருந்தது.

எழுதியவர் ஒரு பஸ் டிரைவர், குழுவுக்குப் புதியவர். டிப்போவில் பக்கத்தில் டயர் வெடித்ததிலிருந்து வலது காதில் ஓயாத கூவல். பின்னால் வரும் ஹாரன் எது, காதுக்குள் அடிக்கும் ஹாரன் எது என்று தெரியவில்லை. பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவார்களோ என்று டிப்போவிலும் சொல்லவில்லை, பயந்துவிடுவாள் என்று மனைவியிடமும் சொல்லவில்லை. கடைசியில் இப்படி எழுதியிருந்தார்: "இதோட எத்தனை வருஷம் இருக்கணும்? இருந்துதான் ஆகணுமா?"

அந்த இரண்டாவது கேள்வியைப் படித்ததும் அச்சை அப்படியே விட்டுவிட்டாள். கையைக் கூடத் துடைக்காமல் பதில் அடித்தாள். "இருக்கலாம். நான் இருக்கேன். உங்க நம்பர் குடுங்க, இப்பவே பேசறேன்." போன் முழுக்க வெள்ளைப் பிளாஸ்டர்.

பேசினாள். முதலில் அழுகைதான் கேட்டது. அழட்டும் என்று விட்டாள். பிறகு, இன்று வண்டி எடுக்கக் கூடாது, சாயங்காலம் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சத்தியம் வாங்கினாள். அவர் கேள்வி இருக்கும் பக்கத்தைக் குழுவில் போட்டு, "பூ அனுப்பாதீங்க. இங்க போய் எழுதுங்க" என்றாள்.

எழுதினார்கள். ஒரு நீச்சல் பயிற்சியாளர், படுக்கும்போது மின்விசிறிச் சத்தம் எப்படித் துணைக்கு வருகிறது என்று எழுதினார். ஒரு தையல்காரி, சத்தத்தோடு சண்டை போட்டால் அது கத்தும், கண்டுகொள்ளாவிட்டால் முணுமுணுக்கும், மாமியார் மாதிரி என்று எழுதினாள். வக்கீலும் எழுதினார், உட்பிரிவு எதுவும் இல்லாமல்: "என் மனைவியிடம் சொல்ல எனக்கு நாலு வருஷம் ஆச்சு. நீங்க இன்னிக்கே சொல்லிடுங்க தம்பி."

டிரைவர் அன்றைக்கே சொன்னார். மறுநாள் அவர் மனைவியே வந்து அந்தப் பக்கத்தில் ஒரு நன்றியும் மூன்று கேள்விகளும் எழுதினாள். அதைப் பார்த்து வேறு சிலர் தங்கள் கதையைத் தொடங்கினார்கள். அழுது வடிந்த சாம்பல் தளத்தில் ஆள் நடமாட்டம் வந்துவிட்டது. இதெல்லாம் நடந்தது கமிட்டியின் அனுமதி இல்லாமல்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, வக்கீலும் வந்து உட்கார்ந்திருந்தபோது, ஆர்க்கிடெக்ட் முகமெல்லாம் வெளிச்சமாக லேபுக்கு வந்தான்.

"முடிவாயிடுச்சு அண்ணி! அஞ்சாவதா பார்த்தோமே, அதுதான். சனிக்கிழமை புதுசைத் திறக்கறோம், பழசை அழிச்சிடறோம்."

"பழசுல எழுதியிருக்கறதெல்லாம்?"

"அதைப் புதுசுக்குக் கொண்டு வர முடியாது. போனா போகுது, வெறும் டெஸ்ட் டேட்டாதானே?"

அவள் கையிலிருந்த கடைவாய்ப் பல்லைக் கீழே வைத்தாள்.

"டெஸ்ட் டேட்டா இல்லடா அது. டிரைவர்."

"அண்ணி, டெக்னிக்கலா..."

"அழிக்கறதுன்னா புதுசை அழி. அதுலதான் யாரும் இல்ல."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் கொழுந்தனிடம் குரல் உயர்த்தியதில்லை. அவன் உதவிக்கு வக்கீலைப் பார்த்தான். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"விதிகள் இன்னும் முடியல. விதி இல்லாம கமிட்டி செல்லாது. கமிட்டி செல்லாதுன்னா அதோட முடிவும் செல்லாது. ஆக, நீங்க எதையும் தொட முடியாது தம்பி."

அந்த விதிமுறைகளால் உலகத்துக்கு விளைந்த ஒரே நன்மை அதுதான்.

ஆர்க்கிடெக்ட் கோபித்துக்கொண்டு இரண்டு வாரம் அண்ணன் வீட்டில் சாப்பிடவில்லை. அந்த இரண்டு வாரமும் பாத்திரத்தில் சாதம் மிஞ்சியது. வேறு சேதம் எதுவும் இல்லை. மூன்றாவது வாரம் தானாகவே வந்து, பழைய தளத்துக்குத் தினமும் நகல் எடுத்துவைக்க ஏற்பாடு செய்துவிட்டு, இரண்டு முறை போட்டுக்கொண்டு சாப்பிட்டான். அவன் ஆபீஸில், "அதிக வசதிகள் இல்லாமல் ஒரு சமூகத்தைக் கட்டுவது எப்படி" என்று இப்போது வகுப்பெடுக்கிறானாம். கைதட்டுகிறார்களாம்.

டிப்போவிலும் உண்மையைச் சொல்லிவிட்ட டிரைவரை, அங்கத்திய டாக்டர் மூன்று மாதம் ஸ்டீயரிங்கிலிருந்து இறக்கி, டிக்கெட் கவுன்ட்டரில் உட்காரவைத்தார். வேலை போகவில்லை. கூவலும் போகவில்லை, கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டது என்று எழுதியிருந்தார். இப்போது மறுபடியும் வண்டி ஓட்டுகிறார்.

போன வாரம், கைக்குழந்தைக்காரி ஒருத்தி, தன் காதில் ஏதோ கொதிக்கிறது, பைத்தியம் பிடித்துவிடுமோ என்று கேட்டு எழுதியிருந்தாள். பதில் எழுத இவள் லேபில் மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால், டிரைவர் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார். ஒரு புள்ளி, கமா கிடையாது. மூச்சுவிடாமல் ஒரு பக்கம்.

இவள் ஒரு முறைக்கு இரண்டு முறை படித்தாள். சேர்க்க ஒன்றும் இல்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பாதியில் விட்டிருந்த பல்லை எடுத்துக்கொண்டாள்.