ஒற்றி வைத்த பிலா

வாசனை வந்தபோது சிவக்கொழுந்து அரைத் தேங்காயில் அரைவாசியைத் துருவி முடித்திருந்தாள். மற்ற அரைவாசி இரவுக் கறிக்கு. முதற்பால் எடுத்து, இரண்டாம் பால் எடுத்து, மூன்றாவதாக வெறும் மனத்திருப்திக்கு ஒரு தண்ணீரும் பிழிந்து, மிஞ்சிய சக்கையை மிளகாயோடு வறுத்துச் சம்பலாக்குவது அந்த வீட்டு வழக்கமாகி மூன்று வருஷமாகிறது. திருவலையில் குந்தியிருந்தபடியே மூக்கை உயர்த்தினாள். இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள். சந்தேகமில்லை, பிலாப்பழம். வீட்டு வளவுக் கோடியில் நிற்கிற பிலாவில், அடுத்த கிழமைதான் பழுக்க வேண்டும் என்று அவள் கோயிலிலும் கிணற்றடியிலும் நேர்ந்து வைத்திருந்த பிலாவில், பழம் பழுத்துவிட்டது.

அந்த மரம் அவளுடைய சீதன வளவில் நின்றது. ஆனால் அவளுடையது அல்ல. மூன்று வருஷத்துக்கு முன் மாசி மாதத்தில் பெய்யக்கூடாத மழை பெய்து, தோட்டத் தறையில் நின்ற புகையிலை முழுவதும் அழுகிப்போனது. புருஷன் தம்பிஐயா தன் மச்சான் சண்முகநாதனிடம் போய் எண்பது ரூபாய் வாங்கினான். சண்முகநாதன் மலாயாவில் றெயில்வேயில் இருந்துவிட்டு வந்த பென்சனியர், பக்கத்து வளவுக்காரர். வட்டி வேண்டாம், பிலாவை ஒற்றி எழுதித் தா என்றார். நொத்தாரிசு எழுதிய உறுதி இப்படி: காசு திரும்பும் வரைக்கும் பழமெல்லாம் சண்முகநாதனுக்கு. மூன்றாம் வருஷத்து முதற்பழம் வெட்டமுன் காசு முழுவதையும் வைத்தால், காய்த்த காயோடு மரம் சிவக்கொழுந்துக்கு. வெட்டிய பிறகென்றால் மரம் அறுதியாகச் சண்முகநாதனுக்கு. அவர் கல்வீடு கட்டிக்கொண்டிருந்தார். ஊரார் அந்த மரத்தைப் பார்த்தால் பழத்தை எண்ணுவார்கள். அவர் பார்த்தால் நாலு கதவும் எட்டுச் சன்னலும் என்று எண்ணுவார்.

அதை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். தன் வளவைத் தானே கூட்டி, தன் கையால் தண்ணீர் ஊற்றி வளர்க்கிற மரத்தில், விழுந்த பிஞ்சைப் பிள்ளைகள் எடுத்தால்கூட வேலிக்கு அந்தப் பக்கத்தில் ஒரு செருமல் கேட்கும். அப்படி ஒரு நாள் செருமல் கேட்டபோதுதான் அவள் முடிவெடுத்தாள், இந்த மரத்தை மீட்காமல் கண் மூடுவதில்லை என்று.

எப்படிக் காசு சேர்த்தாள் என்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள். நெருப்புக் குச்சியை நெடுக்கே பிளேடால் பிளந்து இரண்டாக்கினாள். மூன்றில் ஒன்று முறிந்துபோகும், அந்த முறிவையும் அடுப்பில் போட்டு விறகுக்கணக்கில் சேர்ப்பாள். பொழுதுபடமுன் எல்லாரும் சாப்பிட்டு முடிக்க வேண்டும், மண்ணெண்ணெய் மிச்சம். தேத்தண்ணிக்குச் சீனி கிடையாது. ஆளுக்கு ஒரு துண்டு பனங்கட்டி, அதை நாக்குக்கு அடியில் ஒளித்து ஒரு செம்பு தேத்தண்ணியையும் குடித்து முடிக்க வேண்டும். குடித்து முடித்த பிறகும் வாயில் பனங்கட்டி மிஞ்சியிருக்கிற பிள்ளைதான் அன்றைக்கு வென்ற பிள்ளை. மூன்று பிள்ளைகளும் நாக்கை நீட்டிக் காட்டிச் சண்டை பிடிப்பார்கள். ஒவ்வொரு உலைக்கும் ஒரு பிடி அரிசியைத் திரும்பப் பானைக்குள் போட்டுவைத்தாள். அது ஊர்ப் பிள்ளையாருக்குப் பொங்கல் வைக்கவென்று நேர்ந்தது, காசுக்கணக்கில் சேராது.

கஷ்டப்பட்டாள் என்று நினைத்தால் அது பிழை. முதல் இரண்டு மாதந்தான் கஷ்டம். பிறகு அது ஒரு வெறியாகிவிட்டது. சூதாடுகிறவனுக்குக்கூட அப்படி இரத்தம் கொதிக்காது. சந்தைக்குப் போய் ஒன்றும் வாங்காமல் வெறுங்கடகத்தோடு திரும்புகிற நாளில் அவள் நடையே வேறு. ‘எறும்பூரக் கல்லும் தேயும்’ என்று பாட்டுமாதிரி இழுத்துச் சொல்லிக்கொண்டு வருவாள். தம்பிஐயாதான் பாவம். அவனுடைய சுருட்டைப் பாக்குவெட்டியால் மூன்றாக நறுக்கி, காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று, மற்றது நல்லநாள் பெருநாளுக்கு என்று வைத்தாள்.

“இஞ்சாரும், இனி மூச்சையும் பாதி பாதியா விடட்டோ?” என்று ஒருநாள் கேட்டான்.

“மூச்சுக்குக் காசில்லை. முழுசா விடுங்கோ” என்றாள்.

இப்போது, இந்த வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை மத்தியானத்தில், எண்பதுக்கு இரண்டு ரூபாய் குறைந்தது. புகையிலை வியாபாரி மிச்சக் காசை ஞாயிற்றுக்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பழத்துக்குப் பொறுமை இல்லை.

அவள் திருவலையைச் சாய்த்துவிட்டு மரத்தடிக்கு ஓடினாள். தோள் உயரத்தில், அடிமரத்தோடு ஒட்டித் தொங்கிய பெரிய பழம். விரலால் சுண்டிப் பார்த்தாள். பொத்தென்று பழுத்த சத்தம். மேற்பக்கத்தில் அணில் ஒன்று கொறித்திருந்தது, அதுதான் வாசனை இப்படிக் கிளம்பிவிட்டது. தம்பிஐயா பின்னாலேயே வந்து, சாக்கால் மூடிக் கட்டலாமா என்று கேட்டான். மூத்தவள் வேப்பிலைப் புகை போடலாம் என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், பழுத்த பிலாவை மறைக்க முடியாது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்துவிட்டது.

“மச்சாள், பழம் பழுத்திட்டுது போலை கிடக்கு.”

சண்முகநாதன் பெண்சாதி நாகமுத்து. தம்பிஐயாவுக்கு ஒன்றுவிட்ட தமக்கை. கெட்ட மனுஷி அல்ல, ஆனால் புருஷன் கீறிய கோட்டைத் தாண்டமாட்டாள்.

“ஓம் மச்சாள். நேற்றுவரை காய்தான்” என்றாள் சிவக்கொழுந்து.

“அவர் மரமறுக்கிற ஆளைக் கூட்டிவர யாழ்ப்பாணம் போயிட்டார். பின்னேர வஸ்ஸிலை வந்திடுவார். முதற்பழம் அவர்தான் வெட்ட வேணும்.” நாகமுத்து பெருமூச்சு விட்டாள். “எனக்குத்தான் இடி. அறுக்கிற ஆளுக்கு எத்தினை நாளைக்குச் சோறு போட வேணுமோ தெரியாது. நெல்லு இன்னும் குத்தேல்லை. குத்திறவளுக்குக் காய்ச்சல்.”

வேலியின் இந்தப் பக்கத்தில் சிவக்கொழுந்து ஒரு கணம் அசையாமல் நின்றாள். பிறகு குசினிக்குள் ஓடி, மூலையில் இருந்த பிடியரிசிப் பானையைத் தூக்கிக் கடகத்தில் கவிழ்த்தாள். தினம் ஒரு பிடியாகச் சேர்ந்தது கடகத்தை நிறைத்து வழிந்தது. ‘பிள்ளையாரே, உம்மட்டையும் கடன்படுறன். நீர் பொறுப்பீர், அவர் பொறுக்கமாட்டார்’ என்று வாய்க்குள் சொல்லிவிட்டு, வேலிப் பொட்டின் இடைவெளிக்குள்ளால் குனிந்து அந்தப் பக்கம் போனாள்.

அரிசியைக் கண்ட நாகமுத்துவின் முகம் மலர்ந்தது. மஞ்சள் அரைத்த கையோடு வந்து அள்ளிப் பார்த்தாள். விலையும் பேசி முடிந்தது. காசை எடுக்கப் போனவள் கதவடியில் நின்றுவிட்டாள்.

“வெள்ளிக்கிழமை எல்லே, மச்சாள். காசு குடுக்கிறேல்லை.”

“விளக்கு வைச்ச பிறகுதானே அந்தக் கதை. இப்ப உச்சி வெய்யில். அதோடை இது குடுக்கிறதும் இல்லை, சாமான் விலைக்கு வேண்டுறதுதானே” என்றாள் சிவக்கொழுந்து.

அந்த நியாயம் நாகமுத்துவுக்குப் பிடித்துப்போயிற்று. மஞ்சள் விரல்களால் எண்ணிக் கொடுத்தாள். இரண்டு ரூபாயும் சில்லறையும். சிவக்கொழுந்து அதைக் கையில் வாங்கியபோது அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, ஓட வேண்டும் போலிருந்தது. ஒன்றும் செய்யாமல், தலையைக் குனிந்து மெல்ல நடந்து வந்தாள்.

“கொண்டுபோய் இப்பவே குடுமன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி” என்று தம்பிஐயா பறந்தான்.

“இப்ப குடுத்தால், அவர் வரட்டும் எண்டு சொல்லித் திருப்பி அனுப்புவா. அவர் வந்தால், நொத்தாரிசு வரட்டும் எண்டுவார். நொத்தாரிசு வாறதுக்குள்ளை பழத்தை வெட்டிப்போடுவார்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “விளக்கு வைச்ச உடனை போறன். வெள்ளிக்கிழமை விளக்கு வைச்ச நேரம் வாசலுக்கு வந்த காசை உலகத்திலை எந்தப் பொம்பிளை வேண்டாமெண்டுவாள்?”

தம்பிஐயா திகைத்தான். “அப்ப எங்கடை வீட்டு இலட்சுமி போயிடுமே. அந்த நேரம் காசு வெளியிலை விடலாமோ?”

“இலட்சுமி இஞ்சை எப்ப இருந்தவ? பாதிக் குச்சி வெளிச்சத்திலை அவவுக்கு எங்கடை வீடு தெரிஞ்சிருக்குமே.”

அதன்பிறகு அந்தப் பின்னேரம் நகரவில்லை. வஸ் பொழுதுபட முன்னம் வந்துவிட்டால் சண்முகநாதன் நேரே மரத்தடிக்குத்தான் போவார். பொழுது முந்தினால் அவள் முந்துவாள். அவள் காசுப் பையை மடியில் செருகிக்கொண்டு முற்றத்துக்கும் வேலிக்கும் நடந்தாள். சூரியன் பனைகளுக்கு மேலே சாவகாசமாக நின்றது. மூன்று வருஷமாக அது சீக்கிரம் மறையக்கூடாதென்று, மண்ணெண்ணெய்க்காக, வேண்டியவள் அவள். இன்றைக்குப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டும் போலிருந்தது. பிள்ளைகளுக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. மூவரும் வேலியில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

சூரியன் பனங்கூடலுக்குள் இறங்கிச் சிவந்தபோது, சந்தியில் வஸ் ஊதிய சத்தம் கேட்டது. தம்பிஐயா தலையில் கை வைத்துக்கொண்டு குந்திவிட்டான். சந்தியிலிருந்து வீட்டுக்கு ஒரு சுருட்டுப் பிடிக்கிற நேரம், அதுவும் முழுச் சுருட்டு. சிவக்கொழுந்துக்குப் பயம்தான், ஆனால் அந்தப் பயத்துக்குள்ளே ஒரு சந்தோஷம் கெம்பியது. அவள் வாழ்க்கையில் இப்படி ஒரு பின்னேரம் வந்ததில்லை.

“அம்மா, விளக்கு” என்றாள் மூத்தவள்.

அடுத்த கணம் சிவக்கொழுந்து பொட்டுக்கு அந்தப் பக்கத்தில் நின்றாள். நாகமுத்து மாடத்தில் விளக்கை வைத்து, விபூதி பூசிக்கொண்டு திரும்பவும், இவள் பையை இரண்டு கையாலும் நீட்டவும் சரியாக இருந்தது.

“மச்சாள், ஒற்றிக்காசு. எண்பதும் கிடக்கு.”

நாகமுத்துவின் கைகள் முன்னே வந்தன. பிறகு நின்றன. படலை திறந்தது. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சண்முகநாதன் வந்தார். பின்னால், தோளில் நீள வாளோடு மரமறுக்கிற பிலிப்பு. ஒரு பார்வையில் சண்முகநாதனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

“காசைக் கையிலை வேண்டாதை” என்றார் பெண்சாதியிடம். “திங்கட்கிழமை நொத்தாரிசைக் கேட்டுச் செய்வம்.”

நாகமுத்து விளக்கைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். “வெள்ளிக்கிழமை விளக்கு வைச்ச கையோடை, படியேறி வந்த இலட்சுமியைத் திருப்பி அனுப்பச் சொல்லுறியளோ? புது வீடு கட்டிற நேரத்திலை?”

சண்முகநாதன் குடையைத் தூணில் சாத்திவிட்டு, “கத்தியைக் கொண்டா, பிலிப்பு. பழத்தை இப்பவே வெட்டுறன்” என்று வேலிப்பக்கம் திரும்பினார்.

பிலிப்பு அசையவில்லை. “பொழுதுபட்டால் மரத்திலை இரும்பு வைக்கிறேல்லை, ஐயா. நித்திரையான மரம். நான் சிலுவை கும்பிடுற வேதக்காரன்தான், ஆனா இந்தத் தொழிலிலை நாங்களும் அப்பிடித்தான்.”

சண்முகநாதன் வேலியடியில் அப்படியே நின்றுவிட்டார். பிலா வாசனை வேலி தாண்டி வந்து எல்லார் மேலும் நிறைந்து நின்றது. நாகமுத்து பையை வாங்கினாள். விளக்கடியில் குந்தியிருந்து எண்ணினாள். கடைசியில் வந்த இரண்டு ரூபாயிலும் மஞ்சள் ஒட்டியிருந்தது. அவள் அதை விளக்குக்கு நேரே பிடித்து, தன் விரல்களையும் பார்த்து, பிறகு சிவக்கொழுந்தை நிமிர்ந்து பார்த்தாள். என்ன சொல்லப்போகிறாளோ என்று சிவக்கொழுந்து காத்து நின்றாள். நாகமுத்து காசை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகினாள்.

“கணக்குச் சரி” என்றாள் புருஷனிடம். “கால் கழுவிப்போட்டு வாங்கோ, சோறு ஆறுது. நல்ல அரிசி.”

“உறுதி என்ரை பெட்டியிலை எல்லே கிடக்கு” என்றார் சண்முகநாதன்.

“கிடக்கட்டும் அண்ணை. திங்கட்கிழமை வந்து வாங்கிறன்” என்றாள் சிவக்கொழுந்து. அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்துவிடுவாள் என்ற பயம். திரும்பும்போது பிலிப்பு தோளில் இருந்த வாளை இறக்கி வைத்துக்கொண்டு, “காசு வேண்டினதை நானும் கண்டனான்” என்று யாரும் கேட்காமலே சொன்னான்.

அன்றைக்கு அந்த வீட்டில் ஒருவருக்கும் உள்ளே போக மனம் வரவில்லை. ஐந்து பேரும் பிலாவின் அடியில் நின்றார்கள். இருட்டிவிட்டது, பழம் தெரியவில்லை, வாசனைதான் தெரிந்தது. சின்னவன் ஒரு சுளையாவது தா என்று சிணுங்கினான். விடியத்தான் வெட்டலாம் என்றாள். பறிக்கத்தானே கூடாது, தொட்டால் என்ன என்று நினைத்து, தடவித் தடவிப் பழத்தைக் கண்டுபிடித்தாள். இரண்டு கையாலும் அணைத்தாள். முள்ளு முள்ளாக, கனமாக, பகல் வெய்யிலின் சூடு இன்னும் ஆறாமல் இருந்தது. அணில் கொறித்த இடத்தில் வடிந்த பால் உள்ளங்கையிலும் விரல் இடுக்கிலும் அப்பிப் பிசுபிசுத்தது. அவளுக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை.

“கை எல்லாம் பால்” என்றான் தம்பிஐயா. “தேங்காயெண்ணெய் போட்டால்தான் போகும். எடுத்துக்கொண்டு வாறன்.”

“வேண்டாம்” என்றாள்.

“எண்ணெய்க்குக் கணக்குப் பாக்கிறீரோ இண்டைக்கும்?”

அவள் ஒட்டிய விரல்களை இருட்டில் மெல்ல விரிப்பதும், பிறகு மூடுவதுமாக நின்றாள்.