மேளத்திடம் எங்கே என்று கேட்டவர்கள்

2004 ஏப்ரல் ஐந்தாம் திகதி திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மொன்றியல் அருங்காட்சியகம் ஒன்றின் களஞ்சிய அறையில் நூற்றுப்பத்து வருடங்களாகச் சும்மா இருந்த டகோட்டாத் தோல்மேளம் மேற்குத் திசையாகப் புறப்பட்டது. அருங்காட்சியகத்தின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் அதற்கும் ஒரு படிவம் அனுப்புவார்கள். மேளம் உருளவில்லை. தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில், தோலில் தீட்டிய சிவப்புக் குதிரை முன்னால் பார்க்க, நடந்து போகிற ஆளின் வேகத்தில் போனது. மேற்கே மனிடோபா மாகாணத்தில் அதன் சொந்தக்காரரான டகோட்டாப் பூர்வகுடி மக்கள் இருக்கிறார்கள். மேளத்தைத் திருப்பித் தாருங்கள் என்று அவர்கள் எழுதிக் கேட்டு அப்போதே எட்டு வருடம். அதை ஆராய ஒரு குழு இருந்தது. குழு என்ன செய்தது என்று மட்டும் கேட்காதீர்கள், எனக்கு இரத்தக் கொதிப்பு உண்டு.

களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் சிவநேசம். மட்டக்களப்பு ஆள், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். மேளம் கதவடிக்கு வந்ததும் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “எங்க வெளிக்கிட்டாச்சு?” என்று கேட்டார். மேளம் நின்றது, தரையில் இறங்கியது. தூக்கிக்கொண்டு போய்த் தட்டில் வைத்தார். மறுநாளும் ஒன்பது மணிக்கு இதே கூத்து, மூன்றரை வருடம் இப்படியே போனது. சனி, ஞாயிறு மேளத்துக்கும் ஓய்வு. சிவநேசம் லீவில் நின்ற நாட்களில் வாசல் காவலாளி ஹென்றி அதையே பிரெஞ்சில் கேட்டான். மாடிப்படியில் கண்ட இயக்குநர் அம்மா ஆங்கிலத்தில் கேட்டார். எந்த மொழியில் கேட்டாலும் மேளம் நின்றது. நிபுணர்கள் வந்து அறையின் ஈரப்பதத்தை அளந்தார்கள், தட்டின் சாய்வை அளந்தார்கள். படித்தவர்கள்! ஒவ்வொரு நாளும் இடமாற்றப் படிவம் மூன்று பிரதி நிரப்பியது சிவநேசம்தான். மேளம் படிக்கட்டு வரை போனதற்காக முதலாவது எச்சரிக்கைக் கடிதம் அவருக்கு வந்தது. பள்ளிப் பிள்ளைகள் நடுவே முன்வாசலுக்குப் போனதற்கு இரண்டாவது வந்தது. மூன்றாவது வந்தால் வேலை இல்லை.

வேலை போனால் வதனியும் இல்லை. மனைவி வதனி மட்டக்களப்பில் இருந்தாள். அவளைக் கூப்பிடும் ஸ்பொன்சர் விண்ணப்பக் கோவை நாலு வருடத்தில் மூன்று தரம் திரும்பி வந்திருந்தது. ஒரு தரம் படத்தின் பின்னணி போதிய வெள்ளை இல்லையாம். இன்னொரு தரம் மொழிபெயர்ப்பாளரின் முத்திரை மங்கலாம். மூன்றாம் தரம் படிவமே பழையதாம், புதியதை அவர்களே அனுப்பவில்லை. 2007 செப்டெம்பரில் கடைசியாக ஒன்று கேட்டார்கள்: இவர் இன்னும் வேலையில் இருக்கிறார் என்று முதலாளியின் கடிதம்.

அந்த மாதக் கடைசி ஞாயிறு காலை, தொலைபேசி அட்டையைச் சுரண்டி எடுத்து அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினார். வதனி ஏசினாள்.

“இஞ்சேருங்க, விசரா உங்களுக்கு? வெளிக்கிட்டு வாசலுக்கு வந்த ஆளிட்ட எங்க போறாயெண்டு கேக்கலாமா? கேட்டா போற காரியம் நடக்குமா?”

“அது மேளம், வதனி.”

“மேளமெண்டா? நானும் மூண்டு தரம் பெட்டி கட்டி அவிழ்த்திட்டன். மூண்டு தரமும் உங்கட அக்காதான் வாசல்ல வந்து எங்க போறாயெண்டு கேட்டவ. கேக்காம விடுங்க, அது போகட்டும்.”

“விட்டா என்ர வேலை போகும். வேலை போனா உன்ர பைலும் போகும்.”

அட்டையில் நிமிடங்கள் கரைந்தன.

“போனாப் போகட்டும்,” என்றாள். “ஒண்டாவது ஊர் போய்ச் சேரட்டும்.”

மறுநாள், ஒக்டோபர் முதலாம் திகதி, சிவநேசம் அழுதுகொண்டு எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்தார். ஒன்பதுக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது ஹென்றியின் வாயில் ஒரு மீன் ரோல்ஸைத் திணித்தார். இயக்குநர் அம்மா குழுக் கூட்டத்தில் இருந்தார். குழு செய்த ஒரே நன்மை அது. மேளம் வாசலுக்கு வந்தது. “போயிட்டு வா,” என்றார் சிவநேசம். வராது என்று தெரிந்தாலும் வேறு எப்படிச் சொல்வது? மேளம் வீதியில் இறங்கியது, சிவப்பு விளக்குக்கு நின்றது, பச்சைக்குப் போனது. சென்ட் லோரன்ட் வீதியில் பஸ்ஸுக்கு நின்ற அருமைராசா என்ற தமிழர் கேட்க வாயெடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, வழி விட்டார்.

மூன்றாவது கடிதம் வரவில்லை. அதை அச்சிடுமுன் இடமாற்றப் படிவம் முழுதாக இருக்கவேண்டும். படிவத்தில் ‘செல்லும் இடம்’ என்று ஒரு கட்டம் உண்டு, இதுவரை அதில் ‘தட்டு’ என்றே சிவநேசம் எழுதிவந்தார். அன்று ஒருவரும் மேளத்திடம் கேட்கவில்லை, ஆகவே ஒருவருக்கும் தெரியாது. கட்டம் வெறுமையாக இருக்கக் கடிதத்தை அச்சிட முடியாதென்று கணினி சொல்லிவிட்டது. அதை ஆராய உபகுழு அமைத்தார்கள். அதற்கிடையில் வேலைக் கடிதம் கேட்டார் சிவநேசம். வேலையில்தானே இருக்கிறார், கொடுத்தார்கள். அவர் தினமும் ஒன்பது மணிக்கு வெறுந்தட்டைத் துடைத்தார்.

டிசம்பர் நடுவில் மனிடோபாவிலிருந்து ஒரு பெண் தொலைபேசி எடுத்தாள். பதினொரு வருடமாகக் குழுவுக்குக் கடிதம் எழுதிக் கைசோர்ந்தவள் அவள்தான். காலையில் பார்த்தால் மேளம் முற்றத்தில் நிற்கிறது, குதிரையில் கொஞ்சம் பனி, வேறு சேதமில்லை என்றாள்.

வதனி 2008 மார்ச்சில் வந்தாள். இந்தத் தடவை பெட்டி கட்டியதை மைத்துனிக்குச் சொல்லவில்லை. விமான நிலையத்தில் அவள் முதலில் கேட்டது சுகத்தை அல்ல.

“மேளம் போய்ச் சேந்திட்டா?”

“ஓம்,” என்றார் சிவநேசம், பெட்டியை வாங்கிக்கொண்டு. இருவரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள். வழியில் ஒருவரும் எங்கே என்று கேட்கவில்லை.