புருஷன் வரட்டும்

கோதண்டபாணி ஃபவுண்டரி ஆஸ்பத்திரியில் ஈசிஜி மெஷினுக்குக் கிடைத்த மரியாதை ஜெனரல் மானேஜருக்குக்கூடக் கிடைத்ததில்லை. ஆண்கள் வார்டில் அதற்குத் தனி அறை, தனி ஃபேன், பட்டுத்துணியில் உறை. காவலுக்கு டெக்னீஷியன் நாகப்பன். மெஷினைத் தொட வேண்டுமானால் இந்திரனே ஐராவதத்தில் வந்து இறங்கினாலும் நாகப்பன் கேட்கும் முதல் கேள்வி, "நோயாளி ஆம்பளையா, பொம்பளையா?" என்பதுதான். ஆம்பளையென்றால் உடனே படுக்கலாம். பொம்பளையென்றால் புருஷன் வந்து கட்டிலருகில் நிற்க வேண்டும். அதுவரை மெஷின் அசையாது.

இந்தச் சட்டம் எந்தக் காகிதத்திலும் இல்லை. ஃபவுண்டரியில் அச்சு வார்க்கிற யாரோ ஒரு மோல்டர், தன் பெண்டாட்டியின் மாரில் அன்னிய ஆம்பளை கை வைத்தான் என்று யூனியனைக் கூட்டிக்கொண்டு வந்து பட்டாபிராம் ஊரே அதிரக் கத்தினான். அன்று சூப்பரின்டெண்ட் டாக்டர் பார்த்தசாரதி வாயால் சொன்னதுதான். நாகப்பனுக்கு அது வேதம்.

பார்த்தசாரதி சூப்பரின்டெண்ட் ஆனதும் ஒரு கூத்துதான். அவருக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தவர் டாக்டர் வசந்தகுமாரி. எம்.டி. படித்தவர், இருதய வியாதியில் தங்க மெடல் வாங்கியவர். சேர்ந்த அன்றே, "லேடி டாக்டர்தானே" என்று பிரசவ வார்டைக் கொடுத்துவிட்டார்கள். அவர் கையால் பிறந்த பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் இந்துக் கல்லூரி ஸ்டேஷனிலிருந்து ஆவடி வரைக்கும் போய் மீதமும் நிற்கும். பதவி வந்தபோது நிர்வாகம் யோசித்தது. ராத்திரி வேளையில் யூனியன்காரன் கதவைத் தட்டினால் பொம்பளை என்ன செய்வாள் என்று கவலைப்பட்டது. ராத்திரிதோறும் குவார்ட்டர்ஸே திரண்டு வந்து வசந்தகுமாரியின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

எண்பத்தேழாம் வருஷம், ஆடி மாதத்து வெக்கையில், தாயம்மாள் குவார்ட்டர்ஸிலிருந்து நடந்து வந்தாள். ஃபவுண்டரியில் சூளைப் பிரிவில் வேலை பார்க்கும் கலியமூர்த்தியின் மனைவி. ஐம்பதை நெருங்குகிறவள், மூத்த பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டவள். வெளிநோயாளிச் சீட்டு எழுதுகிறவர் பொம்பளை என்று பார்த்ததும், என்ன வலி என்றுகூடக் கேட்காமல் பிரசவப் பக்கம் கையைக் காட்டிவிட்டார். வழியில் எதிர்ப்பட்ட பார்த்தசாரதி அவள் ஏப்பம் விடுவதைப் பார்த்து, வெறும் கேஸ் டிரபிள் என்று நடந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டு, மானேஜர் வீட்டு விருந்துக்குக் கிளம்பிப் போனார்.

"இன்னா பண்ணுது?" என்று கேட்டார் வசந்தகுமாரி.

"தாடை வலிக்குது மேடம். பல்லுன்னு நெனச்சேன். முதுவுல யாரோ கருங்கல்ல வச்சி அழுத்துறா மாதிரி கீது. காலைலேருந்து ரெண்டு தபா வாந்தி."

ஜாக்கெட் முழுக்க வியர்வை. கை குளிர்ந்திருந்தது. நாடியைப் பிடித்ததுமே இருதயம்தான் என்று வசந்தகுமாரிக்குத் தெரிந்துவிட்டது. நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தார், ஆஸ்பிரின் கொடுத்தார், ஆக்ஸிஜன் குழாயை மாட்டச் சொன்னார். அதற்குமேல் பிரசவ வார்டில் ஒன்றுமில்லை. சீக்கிரம் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிழைக்க வழியுண்டு. கொண்டுபோக ஒரே ஒரு வேன். ஈசிஜி தாளைப் பார்த்துச் சூப்பரின்டெண்ட் கையெழுத்துப் போட்டால்தான் வேன் நகரும். தாளுக்கு மெஷின் வேண்டும். மெஷினுக்குப் புருஷன் வேண்டும்.

நாகப்பன் கதவுக்குக் குறுக்கே நின்றான்.

"நானே எடுக்கிறேன். நீ வெளியில நில்லு, போதும்" என்றார் வசந்தகுமாரி.

"மேடம், நீங்க டாக்டரு, ஒங்களுக்கு இன்னா. நாளைக்கு அந்தாளு வந்து யாரு எடுத்தான்னு கேட்டா, டெக்னீஷியன் எவன்டான்னு என் சட்டையத்தான் புடிப்பான். புருஷன் வரட்டும் மேடம். மெஷினு ஆம்பள வார்டோடது. பார்த்தசாரதி சார் சொல்லாம தரமாட்டேன்."

போன வருஷம் அந்த மெஷினைக் கேட்காமல் தள்ளிக்கொண்டு போனதற்கு வசந்தகுமாரிக்கு மெமோ வந்திருந்தது. அதனால் இந்த முறை முறைப்படி போய்ப் பார்ப்போம் என்று நினைத்தார். ஃபவுண்டரிக்குப் போன் போட்டார். சூளைப் பிரிவு கிளார்க் சண்முகசுந்தரம் எடுத்தார். கலியமூர்த்தியின் மனைவிக்கு மார்வலி, உடனே அனுப்புங்கள் என்று வசந்தகுமாரி தெளிவாகச் சொன்னார்.

அதற்கப்புறம் அங்கே நடந்த திருக்கூத்து வசந்தகுமாரிக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. சண்முகசுந்தரம் ஒழுக்கசீலர். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் பெண் உட்கார்ந்தால் பூந்தமல்லி வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு வருகிறவர். அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில் இன்னொருவன் பெண்டாட்டியின் மாரைப் பற்றி எப்படிச் சொல்வது? வலியை விழுங்கிவிட்டு, "ஒன் சம்சாரத்தை வசந்தகுமாரி டாக்டர் வார்டுல சேர்த்திருக்காங்களாம், வரச் சொன்னாங்க" என்று நாகரிகமாக முடித்துக்கொண்டார்.

பிரசவ டாக்டர் கூப்பிட்டால் வேறென்ன சேதி? சூளையின் சூடு ஒரு பங்கு, சிரிப்பின் சூடு ஒன்பது பங்கு.

"மாமே, பேரன் எடுக்கிற வயசுல புள்ளையா?"

"அண்ணாத்தே, நைட் ஷிப்ட்டு போட்டும் சும்மா இல்ல போலக்கீது."

கோவிந்தராஜ் என்பவர் கேன்டீனுக்கே ஓடிப்போய் மைசூர்பாகு வாங்கி வந்து எல்லோர் வாயிலும் திணித்தார். கலியமூர்த்திக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. இத்தனை கண்ணும் பார்க்க, கேட்டைத் தாண்டி எப்படிப் போவது? ஷிப்ட் முடிந்து கூட்டத்தோடு கூட்டமாகப் போய்க்கொள்ளலாம் என்று குனிந்த தலை நிமிராமல் மண்வெட்டியைப் பிடித்தார்.

இங்கே வசந்தகுமாரி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி போன் போட்டார். சொல்லியாச்சு மேடம், வருவாரு, என்றார் சண்முகசுந்தரம்.

"அவுரு வரமாட்டாரு மேடம்," என்றாள் தாயம்மாள், மூச்சுக்கு நடுவில். "என் தங்கச்சி கல்யாணத்துக்கே தாலி கட்டினப்பறந்தான் வந்தாரு." அவளே சிரித்தாள். சிரித்தது பாதியில் நின்று, கை ஜுபைதா சிஸ்டரின் மணிக்கட்டை இறுகப் பிடித்தது. ஜுபைதா வசந்தகுமாரியைப் பார்த்தாள்.

அதற்குமேல் வசந்தகுமாரி முறையைப் பார்க்கவில்லை. ஆண்கள் வார்டுக்குள் நுழைந்து, நாகப்பனைத் தோளால் இடித்துத் தள்ளி, பட்டு உறையோடு மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். வார்டே கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, ஊர்வலம் பார்ப்பதுபோல் பார்த்தது. ஜுபைதா களிம்பு தடவினாள். வசந்தகுமாரி உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கிண்ணங்களை ஒவ்வொன்றாக மார்பில் பொருத்தினார். தாள் ஓட ஓட, கோடு மலையாக எழும்பி இறங்க மறுத்தது. மாணவிகளுக்குப் பாடம் நடத்தலாம், அவ்வளவு சுத்தமான மாரடைப்பு.

ஆயா முனியம்மா அந்தத் தாளோடு மானேஜர் வீட்டுக்கு ஓடினாள். பார்த்தசாரதி சாப்பாட்டுக் கையோடு தாளை மேலும் கீழும் பார்த்து, புருஷன் வந்தாச்சா என்று கேட்டாராம். வந்தாச்சு என்று முனியம்மா கூசாமல் புளுகினாள். கையெழுத்து கிடைத்தது. வேன் வாசலுக்கு வந்து ஹாரன் அடித்தபோது, வசந்தகுமாரி கட்டிலின்மேல் முழங்காலை ஊன்றி, இரண்டு கையாலும் தாயம்மாளின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். டிரைவர் இரண்டாவது தடவை அடித்தான். ஜுபைதா ஜன்னலண்டை போய், வேண்டாம் என்று கையசைத்தாள்.

சங்கு ஊதி ஷிப்ட் முடிந்த பிறகு கலியமூர்த்தி வந்தார். பிரசவ வார்டுக்குள் ஆம்பளை நுழையக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். வெளி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். வசந்தகுமாரி வெளியே வந்ததும் எழுந்து, கோவிந்தராஜ் சட்டைப் பையில் திணித்துவிட்ட இனிப்புப் பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். முகத்தில் வெட்கம், அதற்குள்ளே எங்கேயோ கொஞ்சம் சந்தோஷமும்.

"எத்தினி மாசங்க மேடம்?"

வசந்தகுமாரி சொன்னார். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

உள்ளே கூட்டிப்போனார்கள். கலியமூர்த்தி கட்டிலருகே போய் நின்றார். பிறகு, தூங்குகிறவளை எழுப்புவதுபோல் போர்வையைக் கொஞ்சம் விலக்கினார். கழுத்துக்குக் கீழே செக்கச்செவேலென்று வட்டங்கள்.

"இது இன்னா மேடம்?"

"ஈசிஜி எடுத்த அடையாளம்."

அவர் முகம் மாறியது. "யாரு எடுத்தது? நாகப்பனா?"

"இல்லை. நான்தான்."

"நல்லவேளை," என்றார் கலியமூர்த்தி. மனசு நிறைந்து சொன்னார். போர்வையைக் கழுத்துவரை இழுத்துச் சரிசெய்தார். அதற்கப்புறம்தான், துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

ஜுபைதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வசந்தகுமாரிக்கு அந்த ஆளை அறையவும் தோன்றியது, அணைக்கவும் தோன்றியது. இரண்டுக்கும் கை எழவில்லை.

"கலியமூர்த்தி, ஒங்க சம்சாரம் தன் காலால நடந்துதான் வந்தாங்க," என்றார். "சாகறதுக்கு வரல. பொழைக்கத்தான் வந்தாங்க."

அவர் தலையை ஆட்டினார், டாக்டர் சொல்கிறாரே என்பதற்காக.