துண்டுக்குள் பேசிய ஜீப்

என் கையால் சோறாக்கி, என் சீட்டுப் பணத்தைப் போட்டு, என் தொழிலுக்காக வாங்குகிற ஜீப்பின் விலை எனக்குத் தெரியக்கூடாதாம். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல? செம்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, டீக்கடை வாசலில் நாலு பேர் பார்க்க நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

வண்டி எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சண்முகவடிவு. தாராவியில் எங்கள் ஒற்றை அறைக் கோலியில் சோறாக்கி, விக்ரோலியில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். சயானில் அண்டாவும் குண்டானுமாக ரயிலேற்றி, சாமான் ஏற்றும் பெட்டியில் மீன்கூடைக்காரிகளோடு மல்லுக்கு நின்று, விக்ரோலியில் இறக்கி, அங்கிருந்து கைவண்டி பிடித்துப் போவதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிடும். இரண்டு தடவை சோறு பிந்திவிட்டது. பட்டறை மானேஜர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், இன்னொரு தடவை பிந்தினால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக. அந்தப் பட்டறைதான் எங்கள் வீட்டுச் சோறும் கூட. வழியில் நின்றுபோகிற வண்டியை வாங்கினேன் என்றால், அன்றோடு என் அடுப்பு அணைந்தது.

என் வீட்டுக்காரர் நம்பிராஜன் தோல் கிடங்கில் லாரி ஓட்டியவர். ஸ்டியரிங்கைப் பிடித்தால் சிங்கம்தான். வாயைத் திறந்து விலை கேட்கச் சொன்னால் மட்டும் ஆடு. தரகர் இல்லாமல் ஊசி நூல்கூட வாங்க மாட்டார். அவர் கூட்டி வந்த தரகர் பூதத்தான் அண்ணாச்சி. ஊரில் சந்தை சந்தையாக மாட்டுத் தரகு பார்த்தவர். பம்பாய்க்கு வந்த பிறகு கோலி, தையல் மெஷின், பழைய சைக்கிள் என்று எது கைமாறினாலும் நடுவில் நிற்பார். எங்களுக்குக் கோலி பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். அந்த ஒரு நன்றிக்காக என் வீட்டுக்காரர் அவர் காட்டுகிற கிணற்றில் எல்லாம் விழத் தயார்.

"ஏக்தம் பஸ்ட் கிளாஸ் வண்டி, தங்கச்சி. பட்டாளத்து ஜீப்பு. ஏலத்துல எடுத்தவரு நம்ம நாசரேத்துப் பக்கத்து ஆளு, ஞானசீலன்னு பேரு. ஆயில் கம்பெனில போர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவரு. கண்ணு மங்கிட்டுன்னு விக்காரு. மொத்தமே பன்னிரண்டாயிரம் மைலுதான் ஓடியிருக்கு" என்றார் அண்ணாச்சி.

மைல்கல்லை எல்லாம் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கல் நட்டுக்கொண்டிருந்த காலம் அது. உலகச் சண்டை ஓய்ந்து இருபது வருடமாகப் போகிறது. பட்டாளத்தில் உழைத்து, ஏலத்தில் போய், பிறகும் ஓடிய வண்டிக்குப் பன்னிரண்டாயிரம் மைலா? சயானுக்கும் விக்ரோலிக்குமாக ரயிலில் நானே அவ்வளவு போயிருப்பேன்.

நான் ஒரு பெரிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். என் வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது.

"வண்டி பாக்கப் போற எடத்துக்கு அண்டா என்னத்துக்குளா? சிரிக்கப் போறாவ."

"சிரிக்கிறவிய சிரிக்கட்டும். அண்டா ஏறுறதுக்குத்தான வண்டி. அண்டாதான பாக்கணும்" என்றேன்.

செம்பூரில் டீக்கடைக்கு எதிரே, ஞானசீலனின் வீட்டுக்கு முன்னால் ஜீப் நின்றது. புதுப் பச்சை பெயிண்டு பளபளத்தது. என் வீட்டுக்காரர் அந்தப் பெயிண்டைப் பார்த்தே சொக்கிப்போனார். அண்ணாச்சி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். டயரைத் தட்டினார். பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். வாலைத்தான் தேடினாரோ என்னவோ. மாட்டுக்குச் சொல்வதுபோல் "சுழி சுத்தம்" என்று மட்டும் அவர் சொல்லவில்லை, மற்றதெல்லாம் சொன்னார்.

நான் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தேன், தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிற மாதிரி. சுட்டது. நாங்கள் வருவதற்கு முன்னாலேயே யாரோ எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள். விடிகாலைக் குளிரில் இது எப்படிக் கிளம்பும் என்று எங்களுக்குத் தெரியக்கூடாது, அவ்வளவுதான். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தேன். மீட்டரில் பன்னிரண்டாயிரம் என்றுதான் இருந்தது. ஆனால் ஓட்டுகிறவர் குதிகாலை ஊன்றுகிற இடத்தில் தகரம் தேய்ந்து குழியாகி, அதன்மேல் வேறு தகரம் வைத்து அடித்து, அந்தத் தகரமும் தேய்ந்திருந்தது. மிதிக்கிற பெடலுக்கு மட்டும் புது ரப்பர். மீட்டரைத் திருத்தலாம், குதிகாலைத் திருத்த முடியுமா?

"அண்ணாச்சி, பன்னிரண்டாயிரம் மைல்ல தகரம் இப்படியா தேயும்?"

"தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கப்படாது தங்கச்சி."

"தானமா? எம் பணத்தப் போட்டுல்லா வாங்குதோம்."

"நம்பி, ஒம் பெண்டாட்டிய அந்தாக்ல நிக்கச் சொல்லு வே. வெல பேசுற நேரத்துல பொம்பள குறுக்க வந்தா காரியம் கெட்டுப்போகும்" என்றார் அண்ணாச்சி. என் வீட்டுக்காரர் என்னை ஒரு கெஞ்சல் பார்வை பார்த்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். உலை வைக்கப் பொம்பளை வேண்டும். சீட்டுக் கட்டப் பொம்பளை வேண்டும். விலை பேசும்போது மட்டும் அவள் போய் மரத்தடியில் நிற்க வேண்டும்.

சரி, பேசட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் மரத்தடிக்குப் போகவில்லை. ஆயில் ஒழுகுகிறதா என்று பார்க்க வண்டிக்குப் பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்தேன்.

அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். ஊர்ச் சந்தையில் மாட்டுக்கு விலை பேசுகிற அதே வழக்கம். துண்டைக் கையின் மேல் போட்டு, உள்ளே மற்றவர் விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. விற்கிறவரும் வாங்குகிறவரும் நேரே விலை பேசிக்கொள்வதும் கிடையாது. எல்லாம் தரகர் வழியாகத்தான். ஜீப்புக்கு இது எதற்கு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஞானசீலன் சங்கடமாகச் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

இங்கேதான் அண்ணாச்சி கோட்டை விட்டார். என் அய்யா ஆட்டு வியாபாரி. நான் பாவாடைப் பருவத்தில் சந்தையிலேயே வளர்ந்தவள். துண்டு நிற்கிறவன் கண்ணைத்தான் மறைக்கும். கீழே உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு உள்ளே நடப்பது எல்லாம் தெரியும். நான் அன்றைக்கும் கீழேதான் உட்கார்ந்திருந்தேன்.

விரலுக்கு ஆயிரம். நடுக்கணுவை அழுத்தினால் அதில் பாதி. அண்ணாச்சி முதலில் ஞானசீலனின் இரண்டு விரலைப் பிடித்தார். ஞானசீலன் தலையாட்டவில்லை. மூன்றாவது விரலின் நடுக்கணுவை அழுத்தினார். ஞானசீலன் தலையாட்டினார். இரண்டாயிரத்து ஐநூறு. விலை முடிந்தது.

பிறகு அண்ணாச்சி என் வீட்டுக்காரரிடம் வந்தார். மறுபடியும் துண்டு விழுந்தது. மூன்று விரலைப் பிடித்து, நான்காவது விரலின் நடுக்கணுவை அழுத்தினார். என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் யோசிப்பதுபோல் வானத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார்.

"வெல படிஞ்சிட்டு. மூணரை. ஒத்தக் காலுல நின்னு கொறச்சிருக்காரு அண்ணாச்சி" என்று என்னிடம் வந்து காதோடு சொன்னார். அந்த முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

எழுந்தேன். நேரே போய் அண்ணாச்சி தோளிலிருந்து துண்டை உருவி என் தோளில் போட்டுக்கொண்டேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கிளாஸைக் கீழே வைத்தார்கள்.

"ஐயா" என்று ஞானசீலனைக் கூப்பிட்டேன். "வண்டிய நீங்க என்ன வெலைக்கு ஒத்துக்கிட்டிய? வாயால சொல்லுங்க."

"காலிபீலி வெட்டிப் பேச்சு பேசாத தங்கச்சி" என்று அண்ணாச்சி குறுக்கே வந்தார். "தரகு நடுவுல இருக்கையில நேரா பேசுறது மொறையில்ல."

ஞானசீலன் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "ரெண்டாயிரத்து ஐநூறும்மா. ஏன், உங்ககிட்ட என்ன சொன்னாங்க?"

"மூணரை."

அந்த மனிதருக்கு முகம் கறுத்துவிட்டது. "நான் பைபிள நம்புற வேதக்காரன்மா. பொய் சொல்லி விக்கணும்னு எனக்கு அவசியமில்ல. இவருதான் உங்க ஆளுகளுக்குத் துண்டு போட்டாத்தான் நம்பிக்கைன்னாரு. காலைல எஞ்சினச் சூடு பண்ணி வைங்கன்னு சொன்னதும் இவருதான்."

"மீட்டரு?"

"மீட்டர் நின்னு நாலு வருஷமாச்சே. எத்தன மைல் ஓடுச்சுன்னு எனக்கே தெரியாது. கிளச் தகடு மாத்தணும், அதையும் சொன்னேன். வியாழக்கிழமை இவங்க ரெண்டு பேரும் பாக்க வந்தப்பவே எல்லாம் சொல்லிட்டேனே. உங்க வீட்டுக்காரரும் கேட்டுக்கிட்டுதான நின்னாரு."

அண்ணாச்சி ஆயிரம் ரூபாய் அடிக்கப் பார்த்தது பெரிய அக்கிரமம்தான். ஆனால் அது என்னைச் சுடவில்லை. இதுதான் சுட்டது. மூன்று நாளாக என் பக்கத்தில் உட்கார்ந்து நான் போட்ட சோற்றைத் தின்றுகொண்டு, மீட்டர் ஓடாது என்று தெரிந்துகொண்டே, இந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை.

"தெரியுமா ஒங்களுக்கு?" என்று திரும்பிக் கேட்டேன்.

"அண்ணாச்சிதான் சொன்னாரு, பொம்பளைட்ட சொன்னா வேண்டாம்னு நிப்பா, வண்டி கைவிட்டுப் போயிரும்னு" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதுக்காவ இப்படி நாலு பேரு முன்னால எம் மானத்த வாங்கணுமாளா?" என்றார்.

"ஒங்க மானத்துக்கு எத்தன விரலு? அதையும் துண்டுக்குள்ளயே சொல்லுங்க."

நாளைக்கு நடுவழியில் வண்டி நின்றால், பசித்த பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கப்போவது நான். மானேஜரிடம் ஏச்சு வாங்கப்போவதும் நான். அப்போது இவர்கள் மானம் எந்தத் துண்டுக்குள் இருக்கும்?

கோபத்தில் வண்டியே வேண்டாம் என்று வந்துவிடவும் என்னால் முடியாது. மறுநாள் திங்கட்கிழமை. அண்டாவை ஞானசீலன் வீட்டுக் குழாயில் கழுத்துவரை நிரப்பி ஜீப்பின் பின்னால் ஏற்றினேன். எஞ்சினை அணைத்து, பானெட் ஆறுகிறவரை எல்லாரையும் உட்காரவைத்தேன். அண்ணாச்சி மட்டும் உட்காரவில்லை. கையை வைத்துப் பார்த்துச் சில்லிட்ட பிறகு என் வீட்டுக்காரரிடம், "இப்ப எடுங்க" என்றேன்.

மூன்று தடவை இருமிவிட்டு வண்டி கிளம்பியது. நான் பின்னால் அண்டாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஞானசீலன் முன்னால் ஏறிக்கொண்டார். சுனாபட்டி வழியாகப் போய், சயான் ரயில் பாலத்து ஏற்றத்தில் ஏற்றச் சொன்னேன். பாதி ஏற்றத்தில் எஞ்சின் கத்தியது, வண்டி நகர மறுத்தது. கிளச் தகடு. என் வீட்டுக்காரர் கியரை மாற்றி, பதறாமல், கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து மேலே ஏற்றிவிட்டார். அந்தக் கைக்கு வேலை தெரியும், அதை நான் என்றைக்கும் இல்லை என்று சொன்னதில்லை. திரும்பி வந்தபோது அண்டாவில் நாலு விரற்கடைதான் குறைந்திருந்தது. என் சேலை நனைந்திருந்தது.

டீக்கடைக்கு முன்னால் இறங்கி, தெருவுக்கே கேட்கும்படி விலை பேசினேன். "ஐயா, நீங்க சொன்ன ரெண்டாயிரத்து ஐநூறுல கிளச் தகடுக்கு முந்நூறு கழிச்சிக்கிடுங்க. இன்னைக்கே மாத்தி, நாளைக்குச் சோத்தோட நீங்களும் ஒரு தடவ கூட வாங்க. சம்மதமா?"

"சம்மதம்மா. மெக்கானிக்க நானே கூட்டியாரேன்" என்றார் ஞானசீலன். சாவியை எடுத்தார். என் வீட்டுக்காரர் பழக்கத்தில் கையை நீட்டினார். ஞானசீலன் அந்தக் கையைத் தாண்டி என்னிடம் கொடுத்தார்.

அப்போதுதான் அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். இவ்வளவு நடந்த பிறகும் அந்த மனிதர் போகாமல் நின்றதே எனக்கு ஆச்சரியம்.

"என்ன இருந்தாலும் ஆளக் காட்டுனது நானு. தரகுன்னு ஒண்ணு இருக்குல்லா, தங்கச்சி" என்றார்.

"இருக்கு அண்ணாச்சி, மொறைன்னா மொறைதான்" என்றேன். என் தோளில் கிடந்த அவர் துண்டை எடுத்து உதறி, என் வலது கையின் மேல் போட்டு நீட்டினேன். "வாங்க. உள்ளயே பேசிக்கிடுவோம்."

என் வீட்டுக்காரர் "ஏளா" என்றார். டீக்கடைக்காரர்கூட வெளியே வந்து நின்றார். அண்ணாச்சி இரண்டு பக்கமும் பார்த்தார். ஆனால் முப்பது வருடப் பழக்கம், கை தானாக நீண்டு துண்டுக்குள் போனது. விரலைத் தேடித் தடவியது.

பிடிக்க ஒரு விரல்கூட இல்லை. நான் கையை இறுக மூடி வைத்திருந்தேன்.