சோலையம்மாள் காலுக்கு ஒரு சிலிண்டர்

மெக்கானிக் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் சங்கிலிமுத்துவுக்கு வாயே கிடையாது என்று தாயில்பட்டியில் பாதிப்பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓர் இஞ்சின் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுப் பாருங்கள், தெரியும். நாள் கிழமையில்கூட என்னிடம் பத்து வார்த்தை பேசாத மனுஷன், துருப்பிடித்த ஒரு நட்டிடம் கால்மணி நேரம் கெஞ்சுவார். இருபத்தோரு வருஷமாக இந்த ஆளோடு குப்பை கொட்டுகிறேன். அந்த நட்டுகளின் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

எங்கள் வேன் சோலையம்மாள் என்ற என் பெயரில் இருக்கிறது. ஓட்டுவதும் நான்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பட்டாசுக் கம்பெனியில் மருந்து பற்றிக்கொண்டபோது என் இடது கால் வெந்துபோனது. புண் ஆறிவிட்டது, ஆனால் கணுக்காலில் தோல் இழுத்துப் பிடித்துக்கொண்டது. பாதத்தை நினைத்தபடி மடக்க முடியாது. சம்மணம் போட்டு உட்கார முடியாதவளுக்குப் பட்டாசு வேலை ஏது? வீட்டில் கிடந்தால் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிடும் என்று பயந்து, இவர்தான் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அன்றிலிருந்து தெருத் தெருவாக நின்று பதினான்கு பெண்களை ஏற்றிக் கம்பெனி கேட்டில் இறக்கிவிடுவது என் வேலை. எட்டு மாதம் கட்டிலில் கிடந்தவளை எழுப்பி உட்காரவைத்தது அந்த டிரைவர் சீட்டுதான். அதை யாரும் என்னிடமிருந்து வாங்கிவிடக் கூடாது என்று ஒரு பயம் எனக்கு எப்போதும் உண்டு.

இந்த வருஷம் தீபாவளி சீசன் முடிகிற நேரத்தில் வேனின் பெட்ரோல் இஞ்சின் உயிரை விட்டது. உடைக்கப் போட்டிருந்த ஒரு லோடு வண்டியிலிருந்து டீசல் இஞ்சினை, அதன் கியர்பாக்ஸோடு சேர்த்து இவர் வாங்கிவந்தார். ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதியும் எழுதி வாங்கியாகிவிட்டது. தீபாவளி முடிந்தால் கம்பெனி கொஞ்ச நாள் மூடிக் கிடக்கும். மறுபடி பூஜை போட்டுத் திறப்பதற்குள் வண்டி ஓடவேண்டும்.

கம்பெனியில் வேன்களைக் கவனிக்கிற சூப்பர்வைசர் காளீஸ்வரன் ஒருநாள் வேலையைப் பார்க்க வந்தான்.

"டீசல் இஞ்சினாண்ணே? கிளட்ச் கல்லு மாதிரி இருக்குமே. அக்கா அந்தக் காலை வச்சுக்கிட்டு எப்பிடி மிதிக்கும்? நம்ம பாண்டிச்செல்வம் சும்மாதான இருக்கான், அவனை டிரைவராப் போட்ருங்க. பொம்பளைக போற வண்டி பாருங்க."

நான் அங்கேதான் காபித் தம்ளரோடு நின்றேன். இவர் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். ம்ஹூம். வாயில் கொழுக்கட்டை. ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார். அன்றைக்குக் குழம்பில் உப்பைக் கூடப் போட்டேன், வேண்டுமென்றேதான். அதையும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் மதுரையிலிருந்து ஒரு பையோடு வந்தார். பையிலிருந்து மூன்று சிலிண்டர்களை எடுத்து வரிசையாக வைத்தார். சின்னது, நடு, பெரியது.

"இதுக்குப் பேரு ஸ்லேவ் சிலிண்டர். நீ மிதிக்கிறப்ப மேல இருக்க மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். அது குளாய்ல வந்து கீள இதைத் தள்ளும். இது போய் கிளட்சைப் பிரிக்கும். சின்னதைப் போட்டா நல்லாத் தள்ளும், கியர் அலுங்காம விளும். ஆனா மிதி கல்லு. பெருசைப் போட்டா மிதி லேசு. ஆனா தள்ளுறது கொஞ்சந்தான், கிளட்ச் பாதி பிரிஞ்சும் பிரியாம கியர் கத்தும்."

ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"அப்ப எதைப் போடப் போறீக?"

"அது ஒன் காலைக் கேட்டாத்தான் தெரியும்."

காலண்டர்க் கழிவுத்தாளை எடைபோடுகிற கடையிலிருந்து ஓர் எடை மெஷினை இரவல் வாங்கிவந்திருந்தார். அதைச் சுவரோடு சாய்த்து நிறுத்தி, கழற்றிப் போட்டிருந்த டிரைவர் சீட்டில் என்னை உட்காரவைத்தார். "வலிக்காம எம்புட்டு அமுக்க முடியுமோ அம்புட்டு அமுக்கு" என்றார்.

காளீஸ்வரன் பேச்சு காதில் ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டு, இடுப்பிலிருந்து மொத்த பலத்தையும் கொடுத்து மிதித்தேன். கண்ணில் பூச்சி பறந்தது.

"பதினெட்டு கிலோ!" என்றார் இவர். "நெசமாவா? வலிக்கலையே?"

"வலிச்சாச் சொல்லமாட்டனா?"

சந்தோஷமாக நடு சிலிண்டரை எடுத்துக்கொண்டு போனார். பதினெட்டுக்கு அது சரியாக இருக்குமாம். எனக்கும் ஜெயித்த மாதிரிதான் இருந்தது. ஒரு தடவை மிதிப்பதும் தெருமுனைக்குத் தெருமுனை மிதிப்பதும் ஒன்றா என்று அந்த மெஷினும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கம்பெனி திறக்கப் பத்து நாள் இருக்கும்போது வண்டி தயார். இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிட்டு வரலாம் என்று நாங்கள் இரண்டு பேரும் கிளம்பினோம். சாத்தூர் ரோடு வரைக்கும் ராணி மாதிரி ஓட்டினேன். கோயில் கிட்டே வந்ததும் வெள்ளிக்கிழமைக் கூட்டம். ஆட்டோ, டிராக்டர், வேல் குத்தி வருகிறவர்கள். ஓரடி நகர்ந்தால் நிற்கவேண்டும், நின்றால் மிதிக்கவேண்டும். முப்பது மிதி வரைக்கும் எண்ணினேன். அதற்குப் பிறகு எண்ண முடியவில்லை. கால் தானாக நடுங்கியது. பாதம் வழுக்கி, வண்டி ஒரு குதி குதித்து, தேங்காய்க் கடைக்கு ஒரு சாண் முன்னால் ஆஃப் ஆகி நின்றது.

இவர் குனிந்து பார்த்தார். பட்டாசு வேலையில் செருப்பைக் கழற்றிப் பழகியவள் நான், வண்டியும் வெறுங்காலோடுதான் ஓட்டுவேன். தழும்பு வெடித்து, கிளட்ச் மிதியெல்லாம் ரத்தம்.

இவர் என்னைப் பக்கத்து சீட்டுக்கு நகரச் சொல்லிவிட்டு அவரே ஓட்டிவந்தார். எல்லாம் முடிந்தது, இனி பாண்டிச்செல்வம்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆத்தாளிடம் கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பிவிட்டோமே என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் காலுக்கு மருந்து போட்டுவிடும்போது நானே சொன்னேன். "அன்னைக்கு மெஷின்ல பொய்யா மிதிச்சேங்க."

"எதுக்கு?"

"நெசமா மிதிச்சா என்னை வண்டிய விட்டு எறக்கிருவீகள்ல."

"எவன் சொன்னான்?"

"காளீஸ்வரன் சொன்னப்ப நீங்க வாயத் தொறக்கலையே!"

பஞ்சைக் கீழே வைத்தார். முகம் சிவந்துவிட்டது. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது ரொம்ப அபூர்வம். "பாண்டிச்செல்வத்துக்குன்னா எதையாவது ஒண்ணை வாங்கி மாட்டிட்டுப் போயிருப்பேன்லா. கண்ணை மூடிக்கிட்டு மிதிப்பான் அவன். ஒன் காலுக்கு எது சேரும்னு தெரியாமத்தான மூணு வாங்கியாந்தேன், கிறுக்குப்புள்ள! காளீஸ்வரனுக்குப் பதில் சொல்றதா எனக்கு வேலை? ஒனக்கு வலிச்சா எங்கிட்டச் சொல்லாம வேற யாருகிட்டச் சொல்லுவ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெறும் மூன்று சிலிண்டரை நினைத்து அழுத பொம்பளை ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"அளுவாத. கால் ஆறட்டும், இன்னொரு தடவை மிதி. இந்தத் தடவை யோக்கியமா."

மூன்றாம் நாள் மிதித்தேன். முள் ஒன்பதில் நின்றது. பதினெட்டில் பாதி. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"ஒம்பதா? சரி, ஒம்பது" என்றார், கடையில் தக்காளி விலை கேட்டவர் மாதிரி. "பலம் கம்மின்னா தூரம் கூடணும், அம்புட்டுதான்."

பெரிய சிலிண்டரைப் போட்டார். அது தள்ளுகிற குறையைச் சரிக்கட்ட, மேலே நீளமாகத் தள்ளுகிற மாஸ்டரைத் தேடிப் பிடித்து மாட்டினார். மிதியை ஒரு சாண் உயர்த்தினார். சீட்டை எனக்குத் தக்கபடி முன்னால் நகர்த்தி, அசையாமல் வெல்டு வைத்தார். "பாதத்தால மிதிக்காத. தொடையால மிதி" என்றார். மிதித்தேன். நெடுந்தூரம் போனது, ஆனால் மாவு பிசைகிற பதம்தான். கணுக்காலுக்கு வேலையே இல்லை. கியர் சத்தமில்லாமல் விழுந்தது. ஒரு பகலும் ஒரு சாயங்காலமும் எங்கள் தெருவிலேயே நின்று நின்று ஓட்டவைத்துப் பார்த்த பிறகுதான் விட்டார்.

கம்பெனி திறக்கிற அன்று பதினான்கு பேரும் புதுச் சேலை கட்டி ஏறினார்கள். ஏறின உடனே வள்ளித்தாய், "ஏக்கா, எங்களைக் குலுக்காம கொண்டுபோயிருவியா?" என்றாள். "வாயை மூடிக்கிட்டு உக்காருடி" என்றேன். இஞ்சின் சத்தத்தைக் கேட்கவேண்டும் என்று இவரும் கூடவே தொற்றிக்கொண்டார். ஆள் ஏற்றவும் வழி விடவுமாக இருபத்திரண்டு இடத்தில் நின்றேன். கேட்டில் இறங்கும்போது கால் சாதாரணமாக இருந்தது.

அங்கே காளீஸ்வரன் நின்றான். பக்கத்தில் பாண்டிச்செல்வம். நல்ல பையன், பாவம், ஆறடி உயரம்.

"கோவிச்சுக்கிடாதக்கா. வண்டியை அவன் ஒரு தடவை ஓட்டிப் பாக்கட்டும்" என்றான் காளீஸ்வரன்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் தலையாட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

பாண்டிச்செல்வம் ஏறினான். இடது முழங்கால் ஸ்டியரிங்குக்கு அடியில் சிக்கிக்கொண்டது. காலை விரித்துப் பார்த்தான், கதவில் இடித்தது. சீட்டைப் பின்னால் தள்ளப் பார்த்தான், அது அசையவில்லை. மிதியில் கால் வைத்தால் முழங்கால் தாடைக்கு வந்தது. பதினான்கு பெண்களும் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் எழுந்து வந்துவிட்டார்.

"என்னண்ணே இப்பிடிப் பண்ணி வச்சிருக்கீக?" என்று காளீஸ்வரன் இவரிடம் சண்டைக்குப் போனான். "இந்த வண்டியை வேற எவன் ஓட்டுவான்?"

இவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"வேற எவன் ஓட்டணும்?"